பர்லியாரில் இறங்கிய காற்று

2023 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 10.20. பர்லியாரில் இளவெயில். மேலே குன்னூர்ப் பக்கம் மேகம் இறங்கி மலையைக் கழுத்துவரை மூடியிருந்தது. மழை இல்லை. காருக்குள் எரியும் எண் 27 டிகிரி என்றது.

அந்த நேரத்தில் நான் மங்குஸ்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். கிலோவுக்குப் பன்னிரண்டு நிற்கும் என்று பழக்கடைக்காரி சொல்லியிருந்தாள். பதினொன்றுதான் நின்றது. தோல் தடிமனான பழம், ஒன்று குறைந்தால் குறைந்ததுதான். அவளோடு வாதாடி, மூன்று பழங்களை மாற்றி எடுத்து, பன்னிரண்டாவது பழத்தோடு நான் திரும்பப் பதினொரு நிமிடம் ஆயிற்று. அந்தப் பதினொரு நிமிடமும் என் மனைவி காரில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முழங்கால் வலி, ஏறி இறங்க மாட்டாள். பின் இருக்கையில், அவள் பக்கத்தில், ஒரு வலைப்பையில் மூன்று கால்பந்துகள் இருந்தன. நான்காவது பந்து டிக்கியில், அட்டைப்பெட்டிக்குள், என் பழைய கம்பளிச் சால்வை சுற்றி இருந்தது. அன்று மதியம் இறுதி ஆட்டம் தொடங்கவேண்டிய பந்து அது.

பந்துகள் என்னிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து எஸ்டேட்டுகளும் டவுன் அணிகளும் சேர்ந்து வருடத்துக்கொரு முறை கால்பந்துப் போட்டி நடத்துவார்கள். நான் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் காரணத்தால் பந்துகளுக்குப் பொறுப்பாக என்னைப் போட்டார்கள். அதற்கு முன் சைக்கிள் கடைப் பம்பில் அடித்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதுதான் சோதனை. நான் வந்தபிறகு அளவுமானி வந்தது. டயருக்குச் சொல்வதுபோலப் பந்துக்கும் பவுண்டுக் கணக்கு உண்டு. எட்டரைக்குக் கீழே போனால் அது விதிப்படி பந்தே இல்லை. நான் பன்னிரண்டு வைப்பேன்.

முந்தின நாள் காரமடையில் என் மனைவியின் தங்கை வீட்டில் புதுமனை புகுவிழா. மறுநாள் காலை திரும்பும் வழியில் மேட்டுப்பாளையத்தில் விளையாட்டுச் சாமான் கடையில் நான்கு புதுப் பந்துகளை வாங்கி, என் கண் முன்னால் காற்றடிக்கச் சொல்லி, நான்கும் பன்னிரண்டு பவுண்டு என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். காற்றடிக்கும் ஊசி ஒன்றை இலவசமாக வலைப்பையில் கட்டிக் கொடுத்தார்கள்.

பழத்தோடு நான் காருக்கு வந்தபோது மனைவி நேராக உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் தங்கை கொடுத்த நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட். அது தலையணை மாதிரி உப்பியிருந்தது. கீழே கட்டின பாக்கெட் மேலே வரவர உப்பும். மலையில் பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். போன முறை இப்படித்தான் ஒரு பாக்கெட் காட்டேரி என்ற ஊர் வளைவில் டபாரென்று வெடித்து, நான் பதறிப் பிரேக் போட்டு, காரின் இடது பக்கத்தைத் தடுப்புச் சுவரில் ஒரு சாண் நீளத்துக்குத் தேய்த்துவிட்டேன். அந்தக் கீறலைப் பற்றி நான் அவளிடம் எத்தனை தடவை பேசியிருப்பேன் என்பதை நான் எண்ணவில்லை. அவள் எண்ணியிருக்கலாம்.

“போலாமுங்க,” என்றாள். கிளம்பினோம்.

இனி அன்றைய ஆட்டத்துக்கு வந்திருந்த ஒரு பையனைப் பற்றி. பையன் என்று பழக்கத்தில் சொல்கிறேன், இருபத்தி நான்கு வயது. அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் இலை பறிக்கிறவர்கள். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் சரிவில்தான் பந்து உதைத்தான். என் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் ஆறும் அவன் காலால் உடைந்தவை. ஒவ்வொரு முறையும் அவனே வாசலுக்கு வந்து நின்று, “சார், நாந்தான்,” என்பான். நான் திட்டுவேன், என் மனைவி வடை கொடுப்பாள். இப்போது மலப்புறத்தில் ஒரு கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆடுகிறான். ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிய இருந்தது. மேலும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு, சொந்த எஸ்டேட்டுக்கு இறுதி ஆட்டம் ஆட வந்திருந்தான். அவன்தான் எஸ்டேட் அணிக்குக் கேப்டன்.

ஆட்டம் மணி 2.30க்கு. மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்கத் தேயிலைச் சரிவு. அந்தப் பக்கம் போன பந்தை யாராவது இறங்கித்தான் எடுத்து வரவேண்டும். நடுவர் டிக்கியிலிருந்த பந்தை என் அளவுமானியால் பார்த்தார். பன்னிரண்டரை. மற்ற மூன்றையும் பாருங்கள் என்றேன். பனிமூட்டம், எங்கள் பேச்சில் மஞ்சு, வந்துகொண்டிருக்கிறது, முதலில் ஆட்டத்தை ஆரம்பிப்போம் என்றார். நானும் சீட்டைக் காட்டி விட்டுவிட்டேன். வலைப்பை ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் கொட்டகையில் கிடந்தது.

அறுபத்து மூன்றாம் நிமிடம் டவுன் அணிக்காரர் ஒருவர் உதைத்த பந்து தேயிலைக்குள் போய்விட்டது. ஐந்து பேர் இறங்கித் தேடினார்கள். மஞ்சு அதற்குள் செடிகளை மூடிவிட்டது. வலைப்பையிலிருந்து ஒரு பந்து வந்தது. நடுவர் ஈரமான கையுறையோடு அழுத்திப் பார்த்து, சரி என்றார். எழுபத்தோராம் நிமிடம் எஸ்டேட் அணிக்கு ஃப்ரீ கிக். பையன் அடித்தான். பந்து எதிராளிகளின் தலைக்கு மேலே எழும்பி, அங்கேயே களைத்துப் போனமாதிரி சட்டென்று தொங்கிக் கோலுக்குள் விழுந்தது. அப்படி ஒரு பந்து விழுவதை நான் பார்த்ததில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம், எஸ்டேட் வென்றது.

டவுன் அணியின் மேனேஜர் வர்க்கிக் கடை வைத்திருப்பவர், வர்க்கியும் பன்னும் சுட்டு விற்கிற பேக்கரி. மாவைத் தொட்டே பதம் சொல்லும் கை. ஆட்டம் முடிந்ததும் பந்தை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

“ஏனுங்க சார், இது பந்துங்களா, எங்க கடை பன்னுங்களா?”

நான் அளந்தேன். ஆறரை பவுண்டு. வலையிலிருந்த மற்ற இரண்டையும் அளந்தேன். ஆறரை, ஆறே கால். கால் பவுண்டு வித்தியாசத்தில் மூன்று பந்திலும் ஒரே மாதிரி காற்று இறங்கியிருந்தது. இவ்வளவு சுத்தமாக இறக்கவேண்டும் என்றால் பழகின கை வேண்டும் என்றார் கடைக்காரர். பழகின கை அங்கே ஒன்றுதான் இருந்தது, சம்பளத்துக்கு ஆடுகிற கை. இடைவேளையில் வலைப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணுக்காலுக்குக் கட்டுப் போட்டவனும் அவன்தான் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவன் பையைத் திறந்து பார்த்தால் காற்றூசி ஒன்று இருந்தது. கிளப்பில் எல்லாருக்கும் கொடுப்பது என்றான். யாரும் காதில் வாங்கவில்லை. அதற்குள் வெளியே டவுன் பிள்ளைகள் தாளம் போட்டு ஆரம்பித்துவிட்டார்கள்: “காத்துத் திருடா, காத்தக் குடு!”

அவன் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பினான். “நீங்கதான சார் அளந்து கொண்டாந்தீங்க? சொல்லுங்க சார்.”

சொன்னேன். குளிரில் காற்று சுருங்கும். மேட்டுப்பாளையம் முப்பத்தைந்து டிகிரி, இங்கே பதினைந்து. பந்துக்குள் இருந்த காற்று சுருங்கிவிட்டது, யாரும் எதையும் இறக்கவில்லை. கால்மணி நேரம் பேசினேன். ஓய்வு பெற்ற டீ ஃபேக்டரி அதிகாரி ஒருவர்தான் எங்கள் கமிட்டித் தலைவர். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஸ்டாஃப் கிளப்பில் விசாரணை என்றார். குற்றம் உறுதியானால் இரண்டு வருடம் ஆடத் தடை, மாவட்டச் சங்கத்துக்குக் கடிதம். கடிதம் போனால் மலப்புறத்துக்குத் தெரிய ஒரு நாள் போதும். பந்தில் காற்றிறக்கினவன் என்று பெயர் வாங்கினவனை எந்தக் கிளப் வைத்துக்கொள்ளும்? அவன் புதன்வரை லீவை நீட்டிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அவன் அம்மா என் வீட்டு வாசலில் நின்றாள். முதுகுக் கூடையில் இலை இல்லை, பந்து இருந்தது. தேயிலைக்குள் தொலைந்த அந்த முதல் பந்து. விடிந்ததும் சரிவில் இறங்கித் தேடி எடுத்திருக்கிறாள். அவளுடைய பெற்றோர் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள். பேச்சில் அந்தச் சாயல் இன்னும் உண்டு.

“இதக் காட்டினா எங்கட பொடியனுக்கு நல்லதுதானே ஐயா?”

வாங்கி அளந்தேன். பன்னிரண்டே கால். இரவு முழுக்கப் பனியிலும் ஈரத்திலும் கிடந்த பந்து, கால் பவுண்டுதான் இறங்கியிருந்தது. குளிர்தான் காரணம் என்றால் இதுதான் முதலில் தொய்ந்திருக்க வேண்டும். என் வாதம் அந்தக் கூடைக்குள்ளேயே செத்துப்போயிற்று. அவளிடம் நல்லதுதான், வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். அவள் கும்பிட்டுவிட்டு, வேலைக்கு நேரமாயிற்று என்று ஓடினாள்.

திங்கள் முழுக்க முன்னறையில் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குளிருக்கு என்று எவ்வளவு தாராளமாகக் கழித்தாலும் ஒன்றே முக்கால் பவுண்டுக்கு மேல் போகவில்லை. காணாமல் போனது ஐந்தரை. மீதி மூன்றே முக்கால் எங்கே? அதோடு இன்னொன்றும் உறைத்தது. மேலே வர வர வெளிக்காற்று மெலிந்துபோகும், அதனால் பந்து விம்மும். குளிர் சுருக்குவதும் உயரம் விம்மவைப்பதும் ஏறத்தாழ ஒன்றையொன்று அடித்துவிடும். மேட்டுப்பாளையத்துப் பன்னிரண்டு குன்னூரிலும் பன்னிரண்டை ஒட்டியே இருக்கவேண்டும். டிக்கிப் பந்து அப்படித்தான் இருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு பேர் முன்னால் குளிரை மட்டும் எண்ணி, உயரத்தை விட்டிருக்கிறேன். அப்படியானால் யாரோ ஒருவர் காற்றை இறக்கியிருக்கிறார். ஆறு கண்ணாடியை உடைத்துவிட்டு ஆறு முறையும் வாசலுக்கு வந்தவன் இதைச் செய்திருப்பான் என்று என்னால் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருக்கக் கணக்கும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் மறுபடியும் அதே கணக்கு. எனக்கு வாய்விட்டுத்தான் கணக்கு வரும். எதிரே மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஆட்டத்துக்கு வரவில்லை. பையனைத் திருடன் என்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். பந்து ஆடும்போது அவன் ஏதோ செய்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். நானும் விவரம் சொல்லவில்லை. ஏற்கெனவே எனக்கு இரவில் தூக்கம் போயிருந்தது, அவளுக்கும் போகவேண்டாம் என்று.

கத்தி நின்றது.

“அப்ப மேல வந்தா பந்து வீங்காதுங்களா?”

“உயரத்துக்கு வீங்கும், குளிருக்குச் சுருங்கும். கூட்டிக் கழிச்சா ஒண்ணுமில்ல.”

“சிப்ஸ் பாக்கெட் வீங்குதே.”

“அதுல அமுக்கி அடைச்ச காத்தில்ல. பந்து கெட்டித்தோல், அது ஒண்ணும் ஆகாது.”

அவள் பீன்ஸைத் தள்ளி வைத்தாள். “ஏனுங்க, அந்தப் பந்துல நாந்தான் காத்து எறக்கி உட்டேன்.”

“எங்கே?” என்றேன்.

“பர்லியார்லீங்க. நீங்க பழம் எண்ணப் போனீங்க பாருங்க, அப்ப. மடியில பாக்கெட் வீங்கிக் கெடந்துச்சு. பக்கத்துல தொட்டுப் பாத்தா மூணு பந்தும் கல்லாட்டம். போனவாட்டி ஒரு சிப்ஸ் வெடிச்சதுக்கே செவுத்துல கொண்டுபோய் இடிச்சீங்க. இது மூணும் வெடிச்சா எங்க கொண்டுபோய் உடுவீங்களோன்னு பயமாப் போச்சு. ஊசி கட்டியிருந்துச்சு. கடைப்பையன் எப்படிச் சொருகுனான்னு பாத்துட்டுத்தான இருந்தேன்.”

“எவ்வளவு இறக்கினே?”

“ஒரு பந்துக்கு மூணு உஸ்ஸு.”

“உஸ்ஸுன்னா?”

“குக்கர் விசிலாட்டம். உஸ்ஸுன்னு ஒண்ணு உட்டு, ஊசிய எடுத்து, மறுபடி சொருகி. எல்லாத்துக்கும் ஒரே அளவுதான் உட்டேன். ஒண்ணு கூட, ஒண்ணு கொறைச்சல்னா நீங்க அதுக்கும் பேசுவீங்க.”

நான் குளிரை மட்டும் எண்ணினேன், அவள் உயரத்தை மட்டும் எண்ணினாள். நாற்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், ஆளுக்குப் பாதிக் கணக்குப் போட்டிருக்கிறோம். கோபம் வரவேண்டிய இடம்தான். எனக்கு வந்தது வேறு ஏதோ. அந்தக் காற்றை அவள் இறக்கியது என் பதற்றத்துக்குப் பயந்து.

என்னிடம் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் வண்டியை நிறுத்திப் பம்பைத் தேடுவீர்கள், மங்குஸ்தானும் அழுகிப்போகும் என்றாள். பிறகு, நாளைக்கு விசாரணை எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நானே சொல்லிவிடுகிறேன், நீ வரவேண்டாம் என்றேன். முழங்கால், கிளப்புக்குப் பதினேழு படி, அத்தனை ஆண்கள் நடுவில் எதற்கு என்றெல்லாம் அடுக்கினேன். உண்மையில் என் கையெழுத்துப் போட்ட சீட்டும் அங்கே மேஜைமேல் இருக்கும் என்பதும் மனதில் ஓடியது.

“அவன் நம்ம ஊட்டுக் கண்ணாடிய ஒடைச்சப்ப வேற ஆளையா அனுப்புனான்?” என்றாள்.

புதன்கிழமை பதினேழு படியையும் பையன்தான் அவளைக் கைபிடித்து ஏற்றிவிட்டான். எதற்கு வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. ஆறுதலுக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பான். உள்ளே என்னையும் சேர்த்துக் கமிட்டி ஐந்து பேர், நடுவர், வர்க்கிக் கடைக்காரர். தலைவர் என்னைப் பேசச் சொல்லுமுன் அவளே எழுந்துவிட்டாள். பர்லியார், சிப்ஸ், ஊசி, மூன்று உஸ்ஸு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை.

கடைக்காரர்தான் முதலில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். “அம்மா, தப்பா நெனைக்காதீங்க. அவன் உங்க ஊட்டுல வளந்த பையன். அவனக் காப்பாத்த நீங்க சொல்றீங்கன்னு நாலு பேரு சொல்லுவாங்களே?”

“சொல்லட்டுமுங்க. ஒரு பந்து கொண்டாங்க.”

தேயிலையில் கிடந்த பந்தைக் கொண்டுவந்தார்கள். நடுவரே காற்றடித்துப் பன்னிரண்டு வைத்தார். ஊசியை அவள் கையில் கொடுத்தார்கள். நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு சொருகினாள். உஸ். எடுத்தாள். உஸ். எடுத்தாள். மூன்றாவது உஸ்ஸுக்கு அந்தக் கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தது. பந்தை மடியிலிருந்து எடுத்து நடுவரிடம் நீட்டினாள். அவர் அளவுமானியைச் சொருகி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்து, என்னிடம் நீட்டினார். நான் பார்த்துக் கடைக்காரரிடம் கொடுத்தேன்.

ஆறரை.

கடைக்காரர் அதைத் தலைவரிடம் தள்ளிவிட்டு, “நம்ம கடைல மாவு பெசைய வர்றீங்களாம்மா?” என்றார். முதலில் சிரித்தது நடுவர். பிறகு எல்லாரும்.

பையன்மேல் குற்றம் இல்லை என்று அங்கேயே எழுதிக் கையெழுத்தாயிற்று. மாவட்டச் சங்கத்துக்குக் கடிதம் போகவில்லை. ஆனால் எட்டரைக்குக் கீழே இருந்த பந்தில் விழுந்த கோல் கோல் இல்லை. ஆட்டத்தை அடுத்த ஞாயிறு மறுபடி நடத்தவேண்டும், செலவு பந்துப் பொறுப்பாளருடையது என்று முடிவு செய்தார்கள். நியாயம்தான். நானே கமிட்டியில் இருந்தேன், நானும் கை தூக்கினேன்.

கீழே இறங்கும்போது பையன் அவளிடம், “சொல்லாம இருந்திருக்கலாமே அம்மா?” என்றான். “நீ பதினோரு வயசுல சொன்ன, நான் அறுபத்தெட்டுல சொல்றேன். போடா,” என்றாள். படியிறங்கும்வரை அவன் கையை விடவில்லை.

மறு ஆட்டத்துக்கு அவன் இல்லை. வியாழக்கிழமையே கூடலூர் வழியாக மலப்புறம் போய்விட்டான். அவன் இல்லாத எஸ்டேட் அணி இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு டவுன்காரர்கள் எங்கள் வீட்டு வழியாகத்தான் போனார்கள். வாசலில் நின்று, “உஸ், உஸ், உஸ்,” என்று மூன்று முறை கத்திவிட்டுப் போனார்கள். என் மனைவி ஜன்னலைத் திறந்து கை ஆட்டினாள். மறுநாள் கடைக்காரர் இரண்டு பாக்கெட் வர்க்கி அனுப்பியிருந்தார்.

மாதக் கடைசிக்கு ஒரு நாள் முன்னால் போன் வந்தது. இரண்டு வருட ஒப்பந்தம், கையெழுத்துப் போட்டாயிற்று. என்னிடம் பேசினது அரை நிமிடம். அவளிடம் பதினான்கு நிமிடம். அதில் பாதி, அங்கே பந்துக்குக் காற்றடிப்பது யார், அவனுக்குக் கணக்குத் தெரியுமா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் செலவுக் கணக்கை முடித்தேன். நடுவருக்கும் இரண்டு கோட்டு நடுவர்களுக்கும் மூவாயிரம். கோடு போடச் சுண்ணாம்பு முந்நூற்றைம்பது. இரு அணிக்கும் டீ, வடை ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. டவுன் அணி கட்டிய முறையீட்டுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது ஆயிரம். கூட்டி முடித்து அடிக்கோடு போடப் போனபோது, மங்குஸ்தான் வாங்க நிறுத்தினதால்தானே இவ்வளவும், அதையும் சேருங்கள் என்றாள். அந்தக் கிலோ முந்நூற்று இருபது. சேர்த்தேன். ஆறாயிரத்து ஐந்நூற்றுப் பத்து ரூபாய்.